சாவி வாங்குவதற்கு முன்

(நம் சங்கத்தின் தாணே கிளைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். வெளியூர் அங்கத்தினர்களுக்காக ஒன்றிரண்டு விஷயங்கள் சேர்க்கப்பட்டுள்ளன.)

வாசல் பக்கம் நின்றுகொண்டிருக்கும் இளைஞர்களே, முன் வரிசையில் நாற்காலி காலியாக இருக்கிறது, வந்து உட்காரலாம்.

நான் முப்பத்தோரு வருஷம் ஒரு வங்கியில் வேலை பார்த்தவன். அதில் கடைசி ஒன்பது வருஷம் வீட்டுக் கடன் பிரிவு. அதனால்தான் செயலாளர் என்னைப் பேசச் சொன்னார் என்று நினைக்கிறேன். ஆனால் இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்ததில் பாதி வங்கியில் கற்றதில்லை. என் அண்ணா வீடு வாங்கியதில் கற்றது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அண்ணா மத்திய அரசு உத்தியோகத்திலிருந்து 2010ல் ஓய்வு பெற்றார். அதுவரை குவார்ட்டர்ஸ் வாசம். கல்யாணுக்கு அந்தப் பக்கம் ஒரு புதிய கட்டடத்தில் ஏழாவது மாடியில் ஃப்ளாட் பார்த்தார். 31 லட்சம். கிராஜுவிட்டி, பி.எஃப். எல்லாம் சேர்த்து 19 லட்சம் கையிலிருந்து போட்டார். பாக்கிக்குப் பிள்ளையின் பெயரையும் சேர்த்துக் கடன். கையெழுத்துப் போடுவதற்கு முதல் நாள் ஃபைலைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஆத்துக்கு வந்தார். "நீ பேப்பரெல்லாம் பாத்துட்டியோல்லியோ?" என்று கேட்டார். நான் பத்து நிமிஷம் புரட்டினேன். நிலத்தின் டைட்டில் சுத்தமாக இருந்தது. "பேங்கே லோன் குடுக்கறது அண்ணா, அப்புறம் என்ன யோசனை?" என்றேன்.

அந்த ஃபைலில் நகராட்சி கொடுத்த கமென்ஸ்மென்ட் சர்டிஃபிகேட் இருந்தது. கட்டட வேலை ஆரம்பிக்கலாம் என்ற அனுமதி அது. அதன் நான்காவது வரியில் 'ஆறு மாடி வரை' என்று எழுதியிருந்தது. அண்ணாவின் ஃப்ளாட் ஏழாவது மாடி. அந்த வரியை அண்ணா படிக்கவில்லை, கடன் கொடுத்த வங்கியின் வக்கீல் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை. வக்கீல் படிக்காதது அவர் வேலையில் குறை. நான் படிக்காததை என்னவென்று சொல்வது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

மேல் மாடிக்கு அனுமதி பின்னால் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் பில்டர் கட்டிவிட்டார். வரவில்லை. 2014ல் சாவி கொடுத்தார்கள். கிரகப்பிரவேசத்தன்று லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. 84 வயது அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து ஏழு மாடி தூக்கிக்கொண்டு போனோம். அம்மா மேலே போய் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "நன்னா காத்து வரது" என்றாள். அந்த ஒரு வார்த்தை போதும் என்றிருந்தது எங்களுக்கு.

ஆக்குபன்சி சர்டிஃபிகேட், அதாவது குடியேறலாம் என்ற சான்றிதழ், எல்லோரும் ஓ.சி. என்று சொல்வது, அந்தக் கட்டடத்துக்கு ஏழு வருஷம் கிடைக்கவில்லை. ஓ.சி. இல்லாததால் நகராட்சிக் குழாய் இணைப்பும் இல்லை. லாரித் தண்ணீர்தான். 2017ல் அண்ணாவுக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். விற்றுவிட்டுப் பெங்களூரில் பிள்ளையோடு இருக்கலாம் என்று முடிவு செய்தார். வாங்க வந்தவர்கள் மூன்று பேர். மூவருக்கும் அவரவர் வங்கி, ஓ.சி. இல்லாத வீட்டுக்குக் கடன் கிடையாது என்று சொல்லிவிட்டது. அண்ணா 2019ல் அந்த வீட்டிலேயே காலமானார். குடியிருப்போர் தலைக்கு 1,80,000 ரூபாய் போட்டு, அபராதம் கட்டி, 2021ல் ஓ.சி. வாங்கினார்கள். மறுவருஷம் மன்னி விற்றார். அண்ணா ஒரு நாளும் என்னைக் குற்றம் சொன்னதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

வங்கி கடன் கொடுக்கிறது என்பது அத்தாட்சி இல்லை. வங்கி பார்ப்பது தன் பணம் திரும்பி வருமா என்பதை. உங்கள் சம்பளம், வயது, நிலத்தின் டைட்டில், இவைதான் அதற்கு முக்கியம். கட்டடம் தகராறில் மாட்டினாலும் நீங்கள் இ.எம்.ஐ. கட்டியாக வேண்டும். ஆகவே நீங்களே ஒரு வக்கீலை வைத்துக்கொள்ளுங்கள். பில்டர் சொல்லும் வக்கீல் வேண்டாம், வங்கி வக்கீலும் போதாது. இத்தனை லட்சம் போடும்போது வக்கீல் ஃபீஸில் மிச்சம் பிடிப்பது நம்மவர்களுக்கு உள்ள ஒரு வழக்கம்.

அண்ணா வாங்கிய காலத்தில் இல்லாத ஒரு சௌகரியம் இப்போது இருக்கிறது. 2016ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டம், ரெரா என்று எல்லோரும் சொல்வது, 2017 மே 1 முதல் முழுமையாக அமலுக்கு வந்தது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் எட்டு ஃப்ளாட்டுக்கு மேல் கட்டினால் பில்டர் பதிவு செய்தாக வேண்டும். பதிவு செய்யாமல் விளம்பரமே கொடுக்கக் கூடாது. மாநிலத்துக்கு மாநிலம் தனி இணையதளம் உண்டு. மகாராஷ்டிரத்தில் 2023 ஆகஸ்ட் முதல் விளம்பரத்திலேயே க்யூ.ஆர். கோடு போட வேண்டும் என்று விதி. போனில் காட்டினால் விவரம் வந்துவிடும். எத்தனை மாடிக்கு அனுமதி, முடிக்கும் தேதி என்ன, எத்தனை முறை தள்ளிப் போட்டார்கள், நிலத்தின் மேல் பில்டர் கடன் வாங்கியிருக்கிறாரா, கோர்ட் வழக்கு உண்டா, எல்லாம் அதில் இருக்க வேண்டும். பேரனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் படியுங்கள். உங்கள் மாடி எண்ணை அனுமதியில் உள்ள மாடி எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நான் செய்யாதது அது.

அதே சட்டத்தில் இன்னும் சில. பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. வாங்குபவர்கள் கொடுக்கும் பணத்தில் 70 சதவீதம் அந்தத் திட்டத்துக்கென்றே தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். குறித்த தேதியில் வீடு தராவிட்டால் பணத்தை வட்டியோடு திருப்பிக் கேட்கலாம். வேண்டாம், வீடே வேண்டும் என்றால் தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி கேட்கலாம். எழுதி வைத்திருப்பது இதுதான். கையில் வர நாளாகும், உத்தரவு வாங்கியும் அலைபவர்களை நான் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் 2010ல் இது கூடக் கிடையாது.

மும்பையில் ஒரு வேடிக்கை. மாநகராட்சி கட்டட வரைபடத்துக்குத் தரும் முதல் கடிதத்தின் பெயர் ஐ.ஓ.டி. 'அனுமதி மறுப்பு அறிவிப்பு' என்று அர்த்தம். ஆனால் அதுதான் அனுமதி! இன்னின்ன நிபந்தனைகளை நிறைவேற்றினால் ஆட்சேபமில்லை என்பதை இப்படிச் சுற்றி வளைத்துச் சொல்வது. வெள்ளைக்காரன் விட்டுப்போன பாஷை என்று நினைக்கிறேன். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது ஓ.சி. இல்லாததற்கு. சிலர் 'பார்ட் ஓ.சி.' காட்டுவார்கள். எந்த விங், எந்த மாடி வரை என்று அதில் எழுதியிருக்கும், படியுங்கள். 'ஃபிட்-அவுட்டுக்காகச் சாவி தருகிறோம், மர வேலை ஆரம்பியுங்கள்' என்பார்கள். ஆரம்பித்த பிறகு நீங்கள் அவர்கள் கையில்.

அதிக மாடி கட்டினால் என்ன, எல்லோரும்தான் கட்டுகிறார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. வர்லியில் காம்பா கோலா காம்பவுண்ட் நினைவிருக்கும். 1980களில் கட்டியது. ஐந்து மாடிக்கு மேல் கட்டியதெல்லாம் சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2013ல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அங்கே கால் நூற்றாண்டு குடியிருந்தவர்களின் தண்ணீர், மின்சாரம், கேஸ் எல்லாவற்றையும் 2014 ஜூனில் துண்டித்தார்கள். கொச்சி மரடில் கடற்கரை விதியை மீறிய நான்கு குடியிருப்புகளை 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடி வைத்துத் தகர்த்ததை டிவியில் பார்த்திருப்பீர்கள். நொய்டாவில் இரட்டைக் கோபுரங்கள் 2022 ஆகஸ்ட் 28ல் போயின. அவற்றில் யாரும் குடியேறியிருக்கவில்லை. மரடில் குடியிருந்தார்கள்.

வெளியூரில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெங்களூரில் கத்தா எந்த வகை, ஏ-யா பி-யா என்று பாருங்கள். ஹைதராபாதில் ஏரி எல்லைக்குள் நிலம் வருகிறதா என்பதை விடாதீர்கள். 2024ல் அங்கே இடித்ததைப் படித்திருப்பீர்கள். நொய்டாவில் நிலம் குத்தகைதான். அந்தப் பணத்தைப் பில்டர் அதிகாரசபைக்குக் கட்டாததால், வீட்டில் குடியிருந்தும் வருஷக்கணக்காகப் பதிவு செய்ய முடியாமல் ஏராளமானவர்கள் தவித்தார்கள். சென்னையில் உங்கள் பங்குக்கு எவ்வளவு நிலம், யு.டி.எஸ். என்பார்கள், அதைப் பத்திரத்தில் பாருங்கள். இங்கே மகாராஷ்டிரத்தில் நிலம் சொசைட்டி பெயருக்கு மாற வேண்டும். கன்வேயன்ஸ் இல்லாமலே முப்பது வருஷம் ஓட்டிய சொசைட்டிகள் இந்த ஊரிலேயே இருக்கின்றன.

அளவு விஷயம். ரெரா வந்த பிறகு கார்ப்பெட் ஏரியாவைச் சொல்லித்தான் விற்க வேண்டும். வெளிச்சுவர், பால்கனி கணக்கில் வராது. உள்ளே அறைகளைப் பிரிக்கும் சுவர் வரும். ஆனால் விற்பனை ஆபீஸில் இன்னும் 'சூப்பர்' என்ற வார்த்தை காதில் விழுகிறது. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் 1,050 சதுர அடி என்று வாங்கியதை டேப் வைத்து அளந்தோம். 690 வந்தது. டேப் விலை நூறோ இருநூறோ.

வரி பற்றி நிறையக் கேட்கிறார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். 45 லட்சத்துக்குள் இருக்கும் சிறிய வீட்டுக்கு 1 சதவீதம். ஓ.சி. வந்த பிறகு முதல் பணமே கொடுத்தால் ஜி.எஸ்.டி. கிடையாது. விலை 50 லட்சமோ மேலோ என்றால் 1 சதவீதம் டி.டி.எஸ். பிடித்து நீங்கள்தான் கட்ட வேண்டும், மறந்தால் வட்டி. மீதியை உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

என் அபிப்பிராயம் ஒன்று, யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. அறுபது தாண்டியவர்கள், ஓய்வூதியப் பணத்தைப் போடுகிறவர்கள், ஓ.சி. வந்த வீட்டைத் தவிர வேறெதையும் பார்க்க வேண்டாம். பத்துப் பதினைந்து சதவீதம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை. முப்பது வயதுக்காரன் நாலு வருஷம் காத்திருப்பான். நமக்கு அந்த நாலு வருஷம் வேறு கணக்கு.

வீட்டைப் பார்க்கப் போகும்போது சாம்பிள் ஃப்ளாட்டில் மயங்காதீர்கள். அங்கே கட்டில் சிறியது, கதவே இருக்காது, அதனால் விசாலமாகத் தெரியும். நீங்கள் வாங்கப்போகும் ஃப்ளாட்டுக்கே போங்கள். ஜூலையில் ஒரு முறை, மே மாதத்தில் ஒரு முறை. மழையில் ஜன்னல் ஓரமும் கூரையும் பேசும். மே மாதத்தில் வாட்ச்மேனிடம் ஒரு நாளைக்கு எத்தனை டாங்கர் வருகிறது என்று கேளுங்கள், அவன் உண்மையைச் சொல்லிவிடுவான். பாத்ரூம் துளையை அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி ஒரு நாள் விட்டு, கீழ் வீட்டுக் கூரையைப் பாருங்கள். தரை ஓட்டை ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டுங்கள், உள்ளே காலி என்றால் சத்தம் காட்டிக்கொடுக்கும். லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் போகுமா? இதை யாரும் கேட்பதில்லை. எங்கள் அம்மாவுக்குப் பிறகு நான் எங்கே போனாலும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.

குடியேறிய பிறகு ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறையோ வேலைத் தரத்தில் குறையோ தெரிந்தால், சொன்ன 30 நாளுக்குள் பில்டர் தன் செலவில் சரி செய்ய வேண்டும். இதுவும் ரெராவில் உள்ளது. எழுத்தில் கொடுங்கள், போனில் சொன்னது கணக்கில் வராது.

பேச்சு முடிந்ததும் ஒரு மாமி எழுந்தார். "எல்லாம் சரி, எங்காத்து கிரகப்பிரவேசத்துக்கு அடுத்த மாசம் முகூர்த்தம் குறிச்சாச்சு. பில்டர் ஓ.சி. ஒரு வாரத்துல வந்துடும்கறார். என்ன பண்றது?" என்றார். நகலைப் பார்க்காமல் பொசெஷன் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டாம் என்றேன். "சமையலுக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சே!" என்றார். எவ்வளவு என்று கேட்டேன். 15,000. ஃப்ளாட் எவ்வளவு? 92 லட்சம். சபை சிரித்தது, மாமியும் சிரித்தார்.

பத்து நாள் கழித்து மாமியின் கணவர் போன் செய்தார். எழுத்தில் கேட்டதும் ஒரு பார்ட் ஓ.சி. நகல் வந்ததாம். அதில் ஏ விங்கும் பி விங்கும்தான் இருந்தன. இவர்களுடையது சி. சாஸ்திரிகள் தை மாதத்தில் வேறு நாள் பார்த்துக் கொடுத்திருக்கிறார். சமையல்காரர் அட்வான்ஸை அப்படியே வைத்துக்கொண்டு அந்தத் தேதிக்கு வருவதாக ஒப்புக்கொண்டாராம்.