சைக்கிள் சீட்டும் சுமை இறங்கும் இடமும்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"ஏதாவது உபயோகமாப் பேசுப்பா" என்றார் சங்கச் செயலாளர். "சைக்கிள் சீட்டைப் பற்றிப் பேசட்டுமா அண்ணே?" என்றேன். சிரித்தார். நீங்களும் சிரிக்கிறீர்கள். பரவாயில்லை. சிரிப்பு வருகிற விஷயம் என்பதாலேயே இந்தத் தொல்லையைப் பலர் டாக்டரிடம்கூடச் சொல்வதில்லை. அதனால்தான் மேடையில் சொல்ல வந்தேன்.

நான் சில வருடங்களாக ட்ரையத்லான் பழகுகிறேன். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் போட்டி அது. 2019-இல் கோவாவில் முதன்முதலாக நடந்த அயர்ன்மேன் 70.3 போட்டியில் சைக்கிள் மட்டும் 90 கிலோமீட்டர். காற்றின் எதிர்ப்பைக் குறைக்க, முழங்கைகளை ஏரோபாரில் ஊன்றிக் குனிந்து ஓட்ட வேண்டும். 1989 டூர் டி பிரான்ஸின் கடைசி நாள் நேரப் போட்டியில் கிரெக் லெமாண்ட் இப்படித்தான் ஓட்டினார். மொத்தத்தில் 8 விநாடி வித்தியாசத்தில் பட்டம் பெற்றார்.

குனிவதில்தான் சிக்கல். நிமிர்ந்து உட்கார்ந்தால் உடல் எடை இடுப்பெலும்பின் அடியிலுள்ள இரண்டு முனைகளில் இறங்கும், தூண் மேல் கட்டடம் நிற்கிற மாதிரி. குனிந்தால் இடுப்பு முன்னால் உருளும். அப்போது எடை சீட்டின் மூக்குக்கு மாறி, நரம்பும் ரத்தக் குழாயும் ஓடுகிற மென்மையான பகுதியை அழுத்தும். அந்த இடம் மரத்துப்போகும். எனக்கு அரைமணியிலேயே மரத்துவிடும். போட்டியே வேண்டாம் என்று விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். பெண்களுக்கும் வீக்கம், எரிச்சல் என்று இதே தொல்லை உண்டு.

கடையில் கேட்டால், "மெத்துனு ஒரு சீட்டு போட்டுக்குங்க சார்" என்பார்கள். மெத்தை கனமானால் எலும்பு உள்ளே அமுங்கும். நடுப்பகுதி மேலே எழும்பி அதே இடத்தை அழுத்தும். மெத்தையைக் கூட்டுவதைவிட, சுமை எங்கே இறங்குகிறது என்று பார்ப்பதுதான் வழி.

அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், சைக்கிளில் ரோந்து போகும் 90 போலீஸ்காரர்களுக்கு மூக்கில்லாத சீட்டைக் கொடுத்துப் பார்த்தது. அந்த ஆய்வு 2008-இல் வெளிவந்தது. ஓட்டும்போது மரத்துப்போவதில்லை என்றவர்கள் முதலில் 27 சதவீதம். ஆறு மாதம் கழித்து 82 சதவீதம்!

நேரப் போட்டிக்கும் மூக்கு பிளந்த சீட்டு, குட்டை மூக்குச் சீட்டு எல்லாம் இப்போது கிடைக்கின்றன. இடுப்பெலும்பின் முன்பக்கம் இருபுறமும் எடையைத் தாங்கும், நடுவில் இடைவெளி. நான் மூன்று சீட்டு மாற்றித்தான் எனக்கானதைக் கண்டுபிடித்தேன். நண்பருக்குப் பொருந்தியது என் தொடையை உரசியது. ஆகவே முன்பக்க அகலத்தைக் கவனியுங்கள். பிளந்த மூக்குச் சீட்டில் முன்னோரத்தில்தான் உட்கார வேண்டும். அதற்கேற்பப் பின்னுக்குத் தள்ளிப் பொருத்துங்கள். ஒவ்வொரு சீட்டும் ஒவ்வொரு கனம் என்பதால், பெடல் அச்சு மையத்திலிருந்து உயரத்தை மறுபடி அளந்து வையுங்கள். சாய்வுக்கு ரசமட்டம் போதும். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். நோட்டில் எழுதுங்கள். கடையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் ஒன்றும் தெரியாது. ஏரோபாரில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். நம் ஆய்வகத்தில் கற்றுக்கொடுத்ததும் இந்த முறைதானே!

தம்பி தங்கைகளே, கால் வலி பயிற்சியில் சகஜம். மரத்துப்போவது அப்படியல்ல. "போகப் போகப் பழகிடும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். சீட்டை மாற்றுங்கள். இறங்கிய பிறகும் உணர்ச்சி திரும்பாவிட்டால் கூச்சப்படாமல் டாக்டரைப் பாருங்கள். உடம்பு இருந்தால்தானே அடுத்த போட்டி!