நேபாளத்தில் நான் நடத்திய முதல் பாடம்



நேபாளத்தில் 3 மாதம் தன்னார்வலராக ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த அனுபவத்தைப் பேசச் சொன்னார்கள். பெருமையாகச் சொல்ல அதில் அதிகமில்லை. நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன்.

பொக்கராவுக்கு மேற்கே ஒரு மலைக்கிராமம். 5ஆம் வகுப்பு வரையுள்ள சிறிய பள்ளி. முதல் நாள் கரும்பலகையில் "வாட் இஸ் யுவர் நேம்?" என்று எழுதினேன். எல்லோரும் அங்கிருந்துதானே தொடங்குகிறோம்! பிள்ளைகள் எழுந்து அதிகாரி, பௌடேல், தாபா என்று குடும்பப் பெயரோடு சொன்னார்கள். ஒரு சிறுமி மட்டும் தன் பெயரோடு நிறுத்திக்கொண்டாள். "ஃபுல் நேம்" என்று வற்புறுத்தினேன். தலையைக் குனிந்துகொண்டு "விஸ்வகர்மா" என்றாள். பின்னாலிருந்து சிரிப்பு வந்தது.

அங்கே குடும்பப் பெயரே சாதியைச் சொல்லிவிடும். நம் ஊர் விஸ்வகர்மாவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நேபாளத்தில் அது இரும்படிக்கும் காமி சாதியினர், அதாவது தலித்துகள், வைத்துக்கொள்ளும் பெயர். பரியார் என்றால் துணி தைக்கும் தமாய் சாதி. இவர்கள் கையால் தண்ணீர் வாங்கக் கூடாது, தொட்டால் தீட்டு என்று 1854இல் 'முலுகி ஐன்' சட்டமே எழுதி வைத்தது. 1963இல் புதிய முலுகி ஐன் வந்து அதைக் கைவிட்டது. 2011இல் தீண்டாமையைத் தண்டிக்கத் தனிச் சட்டமும் வந்தது. ஆனால் அந்தப் பள்ளியின் தண்ணீர்க் குடத்துக்கு எந்தச் சட்டமும் வந்து சேரவில்லை. தலித் பிள்ளைகளுக்கு வேறொரு பிள்ளை மேலிருந்து ஊற்றும். இவர்கள் கையேந்திக் குடிப்பார்கள்.

நான் தங்கியது ஒரு பார்ப்பன ஆசிரியர் வீட்டில். முதல் இரவே என் குடும்பப் பெயரைக் கேட்டார். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தைத் துறக்கத் தீர்மானம் போட்ட மண்ணிலிருந்து போனவன் நான். அப்பாவின் முதலெழுத்துதான் உண்டு என்றேன். ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்தவன் மேல்சாதியாகத்தான் இருப்பான் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். நான் மறுக்கவில்லை. அடுப்படிக்குப் பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு போட்டார்கள், சாப்பிட்டேன். என் அம்மா கொட்டாங்குச்சியில் தண்ணீர் வாங்கிக் குடித்தவர் என்பது எனக்கு மறக்கவில்லை. ஆனாலும் ஒரு மாதம் வாய் திறக்கவில்லை. அந்தக் குடத்தைக் காட்டி "வாட்டர்" என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒருநாள் அந்தச் சிறுமியின் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு, "நீங்க குடிப்பீங்களா சார்?" என்று கேட்டார். அப்போதுதான் என் சாதியைச் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். "இதை அந்த வீட்டில் சொன்னீங்களா?" என்றார்.

அன்றிரவு சொன்னேன். மறுநாள் முதல் எனக்குச் சாப்பாடு திண்ணைக்கு வந்தது. பள்ளியில் அந்தக் குடத்தில் நானே மொண்டு குடித்தேன். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மதியத்துக்குள் குடத்தைத் தேய்த்துக் கழுவியிருந்தார்கள்.

தோழர்களே, ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என்னைக் கரையேற்றியதே ஆங்கிலம்தான். ஆனால் என்னைப்போல் வருகிறவர்கள் சில வாரங்களில் போய்விடுகிறோம். அடுத்து வருபவர் மறுபடி பெயர் கேட்பதிலிருந்து தொடங்குகிறார். அந்தப் பள்ளியில் ஆசிரியர்கள் மூன்று பேர், ஒருவர்கூட தலித் இல்லை. அந்தச் சிறுமியின் தெருவிலிருந்து ஓர் ஆசிரியர் அங்கே நிரந்தரமாக நின்றால், நான் 3 மாதத்தில் செய்யாததை அவர் ஒரு வாரத்தில் செய்வார்.

வெளிநாட்டுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகும் நம் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். போங்கள். ஆனால் பாடப்புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால், யார் எந்தக் குடத்தில் குடிக்கிறார்கள் என்று பாருங்கள். நீங்கள் யார் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். நான் ஒரு மாதம் தாமதித்தேன். அந்த ஒரு மாதமும் அந்தக் குழந்தை கையேந்தித்தான் குடித்தாள்.

ஜெய்பீம்.