ஊர்த் தச்சர் செய்யும் மீன் தொட்டி



மீன் தொட்டி என்றவுடன், அது நகரத்துச் செல்வர் இல்லத்தின் அலங்காரப் பொருள் என்று நாம் எண்ணிவிடுகிறோம். 1853-இல் இலண்டன் விலங்குக் காட்சிச் சாலையிலும், 1909-இல் சென்னைக் கடற்கரையிலும் மீன் காட்சியகங்கள் திறக்கப்பட்டன. பொதுமக்கள் கண்டு அறிவு பெறவே அவை அமைந்தன. அப்பயனை நம் ஊர்ப் பள்ளியும் பெறலாம்; அதற்கான பெரிய தொட்டியை ஊர்த் தச்சரே மரத்தில் செய்து தரலாம். இதுவே நான் கூற வந்த செய்தி.

கண்ணாடித் தொட்டிக்கு ஐந்து பக்கமும் தடித்த கண்ணாடி வேண்டும். மரத் தொட்டிக்கு முன்பக்கம் மட்டும் போதும். மரம் நீரில் ஊறிக் கெட்டுவிடாதா என்று கேட்பீர்கள். கடலூர்க் கரையைப் பாருங்கள். கட்டுமரங்கள் இருந்த இடத்தில் இன்று கண்ணாடி இழைப் படகுகள் நிற்கின்றன. பிசினில் தோய்ந்த இழைத் துணி இறுகிப் படகின் உடலாகிறது. அவ்விழைத் துணியை எபாக்சிப் பிசின் கொண்டு பலகையின் உட்புறத்தில் ஒட்டினால், நீர் மரத்தைத் தீண்டாது.

ஆயினும், உளி எடுக்கும் முன் கணக்கு எடுக்க வேண்டும். 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரமுள்ள தொட்டியில் ஏறக்குறைய 680 லிட்டர் நீர் நிற்கும். அதன் எடை 75 கிலோ நெல் மூட்டை ஒன்பதுக்குச் சமம். முன்கண்ணாடியின்மீது அந்நீர் சுமார் 340 கிலோ விசையுடன் அழுத்தும். உயரத்தை 3 அடியாக்கினால் விசை 760 கிலோவைத் தாண்டும். அகலத்தைக் கூட்டினாலோ கண்ணாடியின்மீது அழுத்தம் கூடுவதில்லை. ஆகவே, பெரிய தொட்டி விரும்புவோர் அகலத்தைக் கூட்டுக, உயரத்தைக் கூட்டற்க. தொட்டியின் முன் நிற்கப்போகிறவர்கள் நம் குழந்தைகள் என்பதை மறத்தலாகாது.

18 மில்லிமீட்டர் தடிப்புள்ள, நீர் தாங்கும் ஒட்டுப்பலகையே ஏற்றது. மூட்டுகளை நீர் கரைக்காத பசையாலும் துருப்பிடிக்காத திருகாணியாலும் இறுக்குக. மேல் விளிம்பைச் சுற்றிச் சட்டமும், நடுவே குறுக்குச் சட்டமும் இன்றியமையாதவை. அவையின்றேல் பக்கங்கள் வெளியே புடைக்கும். 12 மில்லிமீட்டர் கண்ணாடியைச் சட்டத்தின் உட்புறம் சிலிக்கோன் கொண்டு பொருத்துக. அப்போது நீரே அதனைச் சட்டத்தோடு அழுத்தி நிறுத்தும். பிசின் நன்கு இறுக ஒரு வாரம் விடுக. பின்னர்த் திறந்த வெளியில் நீர் நிரப்பிச் சில நாள் சோதித்த பிறகே, சமமான உறுதியான தளத்தில் வைக்க வேண்டும். சாதாரண வண்ணப்பூச்சு உட்புறத்தில் ஆகாது. அதிலுள்ள நஞ்சு மீனைக் கொல்லும்.

குளோரின் கலந்த குழாய் நீராயின் ஒரு நாளேனும் திறந்து வைத்துப் பயன்படுத்துக. கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன்கள் சிலவே இருத்தல் நலம். அவை ஒளிந்துகொள்ள மெருகிடாத மண்குழாய் போதும். விருத்தாசலம் சூளைகளுக்கு அருகில் வாழும் நமக்கு அது அரிய பொருளன்று.

எம்மீனை வளர்ப்பது? அயல்நாட்டு மீனைத் தேடி அலைய வேண்டுவதில்லை. நம் ஏரிகளில் கெண்டை உண்டு, கெளுத்தி உண்டு, பனையேறிக் கெண்டை உண்டு. விரால் பிற மீனைத் தின்னும். அதனைத் தனியே வைக்க வேண்டும். பனையேறிக் கெண்டை மேலே வந்து காற்றை விழுங்குவதை மாணவர் காணட்டும். நீர் வற்றும் கோடையில் அது உயிர் தாங்கும் இரகசியம் அதுவே. இம்மீன் பனைமரத்தில் ஏறியதைத் தரங்கம்பாடியில் கண்டதாக டால்டார்ஃப் என்னும் படை அதிகாரி எழுதியது 1797-இல் வெளிவந்தது. உலகம் வியந்த அம்மீன் நம் வயல் வாய்க்காலில் இருக்கிறது! வெளிநாட்டு மீனை வளர்ப்போர் அதனை ஏரியில் விட்டுவிடலாகாது. அது பெருகினால் நம் மீன்கள் அருகிவிடும்.

தச்சர் பலகையை அறுக்கட்டும். மாணவர் நீரின் எடையைக் கணக்கிடட்டும். ஊராட்சி மன்றம் இடம் தரட்டும். நம் ஏரியில் வாழ்வது இன்னதென்று அறிந்த பிள்ளை, நாளை அவ்வேரி தூர்ந்துபோகப் பார்த்திராது.