மெக்கானிக் படிப்பு: செலவும் வரவும்

கரூர்–திண்டுக்கல் நான்குவழிச் சாலையில் இருக்கும் நம் வேடசந்தூரில் மெக்கானிக்குக் கிராக்கி குறைவதே இல்லை. பத்தாவது முடித்த பிள்ளைக்கு இந்தத் தொழில் படிக்க என்ன செலவாகும்?

அரசு ஐ.டி.ஐ.யில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு 2 ஆண்டு. கல்விக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சீருடை உண்டு. உண்மையான செலவு, அந்த 2 ஆண்டில் நூல் மில்லுக்குப் போயிருந்தால் வந்திருக்கும் சம்பளம்தான். கஷ்டப்படும் வீட்டுக்கு அது பெரிய தொகை.

பட்டறையில் நின்றாலே கை பழகாதா? பழகும். ஆனால் 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் வண்டியே மாறிவிட்டது. கார்புரேட்டரைக் கழற்றி ஊதிய பைக்கில் இப்போது சென்சாரும் இன்ஜெக்டரும். மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்தால், ஸ்கேனரைச் சொருகிக் கோளாறு எண்ணைப் படிக்க வேண்டும். அதோடு முடியாது, கெட்டது சென்சாரா, அதற்குப் போகும் ஒயரா என்று மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கவேண்டும். தெரியாதவர் நல்ல சென்சாரை மாற்றுவார், வண்டிக்காரர் பணம் போகும்.

ஐ.டி.ஐ. சான்றிதழ் கையில் இருந்தால், 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி உதவித்தொகையோடு கம்பெனியில் தொழில் பழகலாம். என்னைக் கேட்டால், அந்த 2 ஆண்டுச் சம்பளத்தை விடலாம். திண்டுக்கல் அரசு ஐ.டி.ஐ.யில் ஒருமுறை நேரில் விசாரியுங்கள்.