புத்தகத்தை மூடிவிட்டும் வாசிக்கட்டும் நம் பிள்ளைகள்!

(பிள்ளைகளின் இசைக் கல்வி குறித்த தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில், மலாக்கா பாயா ரும்புட்டைச் சேர்ந்த நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



ஜாஸ் பியானோவைத் தொடக்கத்திலிருந்து கற்பது எப்படி என்பதே இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் தலைப்பு. "பாயா ரும்புட்டில் இருப்பவர்களுக்கு ஜாஸ் எதற்கு? தேவாரமும் பஜனையும் போதாதா?" என்று நேயர்களில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டே மேலே போகிறேன்.

தோட்டங்களை விட்டுத் தாமான்களுக்கு வந்த பிறகு, பிள்ளைக்கு ஒரு கீபோர்டு வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பது நம்மில் பல பெற்றோரின் ஆசை. வாங்கியும் கொடுக்கிறோம். வார இறுதியில் வகுப்பு. லண்டனில் இருக்கும் தேர்வு வாரியம் நடத்தும் எட்டுப் படிநிலைத் தேர்வுகள். ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு சான்றிதழ். அதற்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறோம். எஸ்.பி.எம். தேர்வு நெருங்கும்போது கீபோர்டின் மேல் ஒரு துணி விழுகிறது. பல வீடுகளில் அந்தத் துணி மீண்டும் விலகுவதே இல்லை.

வீட்டுக்கு வந்த மாமா ஆசையாக, "ஏதாவது வாசி, கேட்போம்" என்கிறார். பிள்ளை, "புத்தகம் இல்லையே மாமா" என்கிறது. கோயிலில் வெள்ளிக்கிழமை பஜனை. பாடுகிறவர் இன்று ஒரு கட்டையில் எடுக்கிறார், நாளை வேறு கட்டையில் எடுக்கிறார். ஆர்மோனியத்தில் இருக்கும் பெரியவர் எந்தத் தேர்வும் எழுதியவர் அல்லர். ஆனாலும் பாட்டு எங்கே போனாலும் அவர் விரல் பின்னாலேயே போகிறது. ஐந்தாம் படிநிலை முடித்த பிள்ளையோ பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறது.

குறை பிள்ளையிடம் இல்லை. தேர்வின் மீதும் பழி போட வேண்டாம். இசையை எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுத்தோம். அந்த மொழியில் பேசக் கற்றுக்கொடுக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம். பியானோ என்ற கருவியில் பேச்சுக்கு முதலிடம் தந்த மரபு ஜாஸ். அதனால்தான் அது நமக்குத் தேவைப்படுகிறது.

தோட்டத்துப் பாட்டிலிருந்து வந்த இசை

ஜாஸ் என்றவுடன் ஐந்து நட்சத்திர ஹோட்டலும் கோட்டு சூட்டும் நினைவுக்கு வருகின்றன. அதன் பிறப்பு அப்படிப்பட்டதல்ல. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்டவர்களின் சந்ததியினர், அமெரிக்காவின் தென்பகுதியில், நியூ ஆர்லியன்ஸ் நகரில் உருவாக்கிய இசை அது. பருத்தித் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் பாடிய பாட்டுகளும், அவற்றிலிருந்து கிளைத்த புளூஸ் இசையும் அதன் வேர்கள். 1901-ல் அந்த நகரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த லூயிஸ் ஆம்ஸ்ட்ராங், பின்னாளில் உலகமே கேட்ட கலைஞரானார்.

அமெரிக்க அடிமை முறையும் நம் முன்னோர் கங்காணியின் பின்னால் கப்பலேறி வந்ததும் ஒன்றல்ல. ஆனால் பிறர் அடித்த மணிக்கு எழுந்து, பிறர் வகுத்த நிரையில் நின்று உழைத்தவர்கள், தங்கள் குரலாவது தங்களுடையதாக இருக்கட்டும் என்று பாட்டைப் பிடித்துக்கொண்டார்கள் என்றால், பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது புரியாமல் போகாது.

தமிழர்களுக்கும் இந்த இசைக்கும் தொடர்பு இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் குடியேறிய தமிழ்ப் பெற்றோருக்கு 1971-ல் பிறந்தவர் விஜய் ஐயர். மூன்று வயதில் வயலின் வகுப்பில் சேர்ந்தார். பியானோவை மட்டும் பெரும்பாலும் காதால் கேட்டுத் தானாகவே கற்றுக்கொண்டார். கல்லூரியில் அவர் படித்தது கணிதமும் இயற்பியலும். இன்று உலகின் முன்னணி ஜாஸ் பியானோ கலைஞர்களில் ஒருவர். 2013-ல் மெக்ஆர்தர் நல்கை பெற்றார். 2014-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 2011-ல் வெளிவந்த ‘தீர்த்தா’ என்ற இசைத்தொகுப்பில், கித்தார் கலைஞர் பிரசன்னாவுடனும் தபேலா கலைஞர் நிதின் மித்தாவுடனும் சேர்ந்து வாசித்திருக்கிறார். நம் நாட்டிலும் மைக்கேல் வீரப்பன் ஜாஸ் பியானோவில் அறியப்பட்டவர். ‘ஏசியாபீட்’ குழுவின் டிரம்ஸ் கலைஞர் லூயிஸ் பிரகாசமும் நம் நாட்டவரே.

மூன்று கார்டுகள்

இனிக் கருவிக்கு வருவோம். முழு பியானோவில் 88 கட்டைகள் உண்டு. கற்றுக்கொள்ள 61 கட்டை கீபோர்டு போதும். ‘சி’ என்ற வெள்ளைக் கட்டையை ச என்று வைத்துக்கொண்டு, வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக வாசித்தால் ச ரி க ம ப த நி கிடைக்கும். அதுவே நம் சங்கராபரணம்.

பல சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்வதற்குக் கார்டு என்று பெயர். ஒரு சுரத்தில் தொடங்கி ஒன்றுவிட்டு ஒன்றாக எடுத்தால் கார்டு வரும். ச, க, ப மூன்றும் சேர்ந்தால் சி மேஜர். பஜனைக்கும் சினிமாப் பாட்டுக்கும் பெரும்பாலும் மூன்று சுரங்களில் நிற்கிறோம். ஜாஸ் இன்னும் ஒரு படி ஏறி நான்காவது சுரத்தையும் சேர்க்கிறது. ச, க, ப, நி சேர்ந்தால் சி மேஜர் செவன். இதை அழுத்திப் பாருங்கள், அறையின் வெளிச்சமே மாறியது போல் இருக்கும்.

இதே முறையில் ரி, ம, த, மேல் ச ஆகியவை டி மைனர் செவன். ப, நி, ரி, ம ஆகியவை ஜி செவன். டி மைனர் செவன், ஜி செவன், சி மேஜர் செவன் என்ற இந்த வரிசைக்கு ‘டூ-ஃபைவ்-ஒன்’ என்று பெயர். இரண்டாம் சுரம், ஐந்தாம் சுரம், முதல் சுரம் என்று பொருள். ஆயிரக்கணக்கான ஜாஸ் பாட்டுகளில் இந்த வரிசை வருகிறது. வீட்டை விட்டுக் கிளம்பி, சந்தியில் நின்று, மறுபடியும் வீட்டுக்கு வந்து சேர்வது போன்ற உணர்வு அதில் இருக்கிறது.

நான்கு சுரங்களையும் ஒரே கையில் பிடிக்கச் சின்னப் பிள்ளைகளால் முடியாது. அதற்கும் வழி உண்டு. இடது கை கார்டின் அடிச் சுரத்தை மட்டும் வாசிக்கட்டும். வலது கை இரண்டே சுரங்களைப் பிடிக்கட்டும். டி மைனர் செவனுக்கு ம, ச. ஜி செவனுக்கு ம, நி. சி மேஜர் செவனுக்கு க, நி. கவனியுங்கள்: முதல் மாற்றத்தில் ச மட்டும் நி-க்கு இறங்குகிறது; ம அப்படியே நிற்கிறது. அடுத்த மாற்றத்தில் ம மட்டும் க-வுக்கு இறங்குகிறது, நி நிற்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு விரல்தான் நகர்கிறது. எட்டு வயதுப் பிள்ளைகூட ஒரு வாரத்தில் இதைப் பிடித்துவிடும்.

ஐந்து சுரங்கள்

இனி, சொந்தமாக வாசிப்பது. ஒருவர் அந்தக் கார்டுகளை மெதுவாகச் சுற்றிச் சுற்றி வாசிக்கட்டும். வாசிக்க ஆள் இல்லை என்றால் கைப்பேசியில் பதிவு செய்து ஓட விடலாம். பிள்ளை ச, ரி, க, ப, த என்ற ஐந்து சுரங்களில் மட்டும் விளையாடட்டும். நம் இசையில் இதற்கு மோகனம் என்று பெயர். ஜாஸ் ஆசிரியர்கள் இதை மேஜர் பென்டடானிக் என்பார்கள். இந்த ஐந்தில் எதைத் தொட்டாலும் அந்த மூன்று கார்டுகளோடு பெரிதாக முட்டாது. அதனால் பிள்ளைக்குப் பயம் போகும்.

கீபோர்டில் இருக்கும் கருப்புக் கட்டைகளை மட்டும் வாசித்துப் பாருங்கள். இரண்டு, மூன்று என்று கூட்டமாக இருக்கும் கட்டைகளில், மூன்றில் முதல் கட்டையை ச-வாக வைத்தால் அதுவும் மோகனம்தான். அதே கருப்புக் கட்டைகளில், இரண்டில் இரண்டாவது கட்டையை ச-வாக வைத்தால் சுத்த தன்யாசி. நம் வித்துவான்கள் இதைக் கிரகபேதம் என்பார்கள். ஒரு புத்தகமும் திறக்காமல், ஐந்து கட்டைகளில் இரண்டு ராகங்கள் பிள்ளையின் கைக்கு வந்துவிட்டன.

சுத்த தன்யாசியின் சுரங்களைக் கொண்டுதான் புளூஸ் வாசிக்கத் தொடங்குவார்கள். புளூஸ் 12 அளவுகளில் ஒரு சுற்று. தாள ஆவர்த்தனம் போல் திரும்பத் திரும்ப வரும். அதற்கும் மூன்றே கார்டுகள்: ச, ம, ப ஆகியவற்றின் மேல் ஒவ்வொன்று. இடது கையின் கார்டில் பெரிய க ஒலிக்கும்போது வலது கை சின்ன க-வை வாசிக்கும். நம் காதுக்கு முதலில் இடறும். ஆனால் அந்த உரசலில்தான் புளூஸ் இசையின் ஏக்கமே இருக்கிறது.

தாளத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஜாஸ் நடையில் ஒரு தட்டின் இரண்டு பாதிகளும் சமமாக இருப்பதில்லை. ‘தகிட’ என்று சொல்லி, ‘தகி’யைச் சேர்த்து நீட்டி, ‘ட’வைக் குறுக்கிச் சொல்லுங்கள். ஏறக்குறைய அந்த ஊஞ்சல் நடை வரும். நான்கு தட்டில் இரண்டாவதிலும் நான்காவதிலும் கை தட்டுங்கள். அது வராமல் கார்டு மட்டும் சரியாக வந்து பயனில்லை.

தரை நகர்கிறது

"இதெல்லாம் நம் கற்பனாசுரம்தானே?" என்று கேட்டால், பாதி சரி. சொந்தமாக விரித்துவிட்டு எடுப்புக்குச் சரியாக வந்து சேர்வது இரண்டிலும் உண்டு. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாற்றி மாற்றி வாசிப்பது போல, ஜாஸ் குழுவிலும் நான்கு நான்கு அளவுகளாகப் பங்கு போட்டு வாசிப்பார்கள்.

வேறுபாடும் பெரியதுதான். நம் இசையில் தம்புரா நிற்கிறது, ச அசைவதில்லை. அசையாத தரையில் நின்று ஆடுகிறோம். ஜாஸில் கார்டு மாறும்போதெல்லாம் தரையே நகர்கிறது. சற்றுமுன் இனித்த அதே சுரம், அடுத்த கார்டில் புளிக்கலாம். ஆகவே வாசிப்பவர் தன் விரலை மட்டும் கேட்டால் போதாது, அடியில் நடப்பதையும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

நகரும் தரை பயமாக இருந்தால், மைல்ஸ் டேவிஸ் 1959-ல் வெளியிட்ட ‘கைண்ட் ஆஃப் புளூ’ தொகுப்பின் முதல் உருப்படியைக் கேளுங்கள். அதில் தரை மிக மெதுவாகத்தான் நகர்கிறது. 32 அளவுகளில் முதல் 16-ம் ஒரே தளம். அடுத்த 8 அரைச் சுரம் மேலே. கடைசி 8 பழைய தளம். அந்தத் தளத்தின் சுரங்கள் நம் கரகரப்பிரியாவின் சுரங்கள். கமகம் இல்லாததால் அது நம் ராகமாகிவிடாது. ஆனால் நம் காதுக்கு நல்ல வாசற்படி.

மனம்போன போக்கு அல்ல

சொந்தமாக வாசிப்பது என்றால் வாய்க்கு வந்ததைப் பேசுவது போல் என்று சிலர் நினைக்கிறார்கள். என் தொழிலிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். நேரலையில் அடுத்த விருந்தினர் வந்து சேரவில்லை; இரண்டு நிமிடம் நிரப்ப வேண்டும். அப்போது நாக்குக்குக் கைகொடுப்பது அந்த நிமிடத்தில் உதித்த ஞானம் அல்ல. பல ஆண்டுகளாகப் படித்ததும் கேட்டதும் சேர்த்து வைத்த சொற்களுமே. ஜாஸ் கலைஞரும் அப்படித்தான். பிறர் வாசித்த வரிகளை நூறு முறை கேட்டு, பாடிப் பார்த்து, கைக்குக் கொண்டுவந்து, பிறகே தன் வரியைக் கட்டுகிறார்.

ஆகவே பிள்ளைகளுக்கு ஒரு விதி போதும்: முதலில் பாடு, பிறகு வாசி. வாயில் வராத வரியைக் கை தேடினால் அது வெறும் விரல் பயிற்சி. இரண்டு சுரம் பாடி இரண்டு சுரம் வாசித்தாலும் அது அந்தப் பிள்ளையின் சொந்தச் சொத்து. இடையில் மூச்சுவிடவும் பழகட்டும். பேசுகிறவர் நிறுத்திப் பேசினால்தானே கேட்கிறவருக்குப் புரியும்?

பெற்றோருக்கு மூன்று வேண்டுகோள். ஒன்று, படிநிலைத் தேர்வை நிறுத்தச் சொல்லவில்லை. இசையை எழுதப் படிக்கத் தெரிவது பெரிய பலம். ஆனால் ஒவ்வொரு நாள் பயிற்சியிலும் பத்து நிமிடம் புத்தகத்தை மூடி வையுங்கள். இரண்டு, அந்தப் பத்து நிமிடத்தில் "தப்பு" என்ற சொல் வேண்டாம். பொருந்தாத சுரம் விழுந்தால், பக்கத்துக் கட்டைக்கு நகர்ந்தால் போதும், பெரும்பாலும் பொருந்திவிடும். அதைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். மூன்று, பஜனைக்குப் போகும்போது கீபோர்டையும் எடுத்துச் செல்லுங்கள். அந்த ஆர்மோனியப் பெரியவரின் பக்கத்தில் பிள்ளையை உட்கார வையுங்கள். அவர் மெட்டைப் பிடிக்கட்டும். இவன் அடியில் ஒரே ஒரு கார்டு பிடிக்கட்டும். ஜாஸ் கலைஞர்கள் மேடையில் மூத்தவர்களின் அருகில் நின்று கற்றதும் இப்படித்தான்.

அந்தப் பெரியவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்து வருகிறார்கள். அவர்கள் காதில் இருப்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர்கள் இருக்கும்போதே நம் பிள்ளைகள் அவர்களுக்குப் பின்னால் வாசிக்கப் பழகிக்கொண்டால், நாளைக்கு யாராவது எந்தக் கட்டையில் பாட்டெடுத்தாலும் துணைக்குப் போக ஒரு கை இருக்கும்.