முப்புரிக் கயிறும் முறிந்த எலும்பும்



எங்கள் பட்டினச்சேரிக் கடற்கரையில் படகைக் கட்டும் முப்புரிக் கயிற்றின் நுனியைச் சிறிது பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு புரியும் ஒரு பக்கமாக முறுக்கேறியிருக்கும். மூன்றும் சேர்ந்து அதற்கு எதிர்ப்பக்கமாக முறுக்கேறியிருக்கும். ஒன்று அவிழ முயன்றால் மற்றது இறுகும். அதனாலேயே அலை இழுத்தாலும் கயிறு பிரிவதில்லை. இத்தகைய கயிறு நம் எலும்புக்குள்ளும் இருக்கிறது. அதனைக் கண்டு விளக்கியது சென்னையில் நடந்த ஓர் ஆராய்ச்சி.

1952-ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைத் தலைவராகப் பொறுப்பேற்றவர் ஜி. என். இராமச்சந்திரன். எலும்பு, தசைநாண், தோல் ஆகியவற்றுக்கு உறுதி தரும் கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று, இலண்டனிலிருந்து வந்திருந்த ஜே. டி. பெர்னல் அவரிடம் கூறினார். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கங்காருவின் வால் தசைநாணை எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்து, கொலாஜன் மூன்று இழைகளால் ஆனது என்று 1954-இல் வெளியிட்டனர். இடப்புறமாக முறுகிய மூன்று இழைகளும் ஒன்றையொன்று வலப்புறமாகச் சுற்றியிருக்கின்றன என்பதை 1955-இல் விளக்கினர். பிறநாட்டார் பின்னர் சில நுணுக்கங்களைத் திருத்தினர். அடிப்படைக் கருத்து நிலைத்தது.

எலும்பு முறிந்தால் முதலில் அவ்விடத்தில் இரத்தம் உறைகிறது. பின்னர் உயிரணுக்கள் கொலாஜன் இழைகளையும் குருத்தெலும்பையும் கொண்டு மென்மையான பாலம் ஒன்று அமைக்கின்றன. அதன்மேல் சுண்ணச் சத்தும் பாஸ்பரசும் படிந்து எலும்பாகின்றன. அதன்பிறகும் பல மாதங்கள், சில வேளை ஆண்டுகள், பழைய வடிவம் பெறும் திருத்த வேலை நடைபெறும். கொலாஜன் உறுதியுற வைட்டமின் சி வேண்டும். நெல்லிக்காயிலும் கொய்யாவிலும் அது நிறைய உண்டு.

தசையின் கதை வேறு. அதன் இழைகளை ஒட்டிக் கிடக்கும் துணை உயிரணுக்களை 1961-இல் அலெக்சாண்டர் மௌரோ கண்டார். அவை புதிய தசையை ஆக்குகின்றன. காயம் பெரிதானால், அந்த இடத்தைக் கொலாஜன் தழும்பு அடைத்துவிடும். தழும்பு தசையைப் போல் சுருங்கி விரியாது.

சடுகுடு ஆட்டத்தில் கையொடிந்த பிள்ளைகள் பலரை என் ஆசிரியப் பணியில் கண்டிருக்கிறேன். வலி தணிந்ததும் கட்டை அவிழ்க்கத் துடிப்பார்கள். அன்று உள்ளே இருப்பது பெரும்பாலும் அந்த மென்பாலமே. வலி நின்றது வேறு, எலும்பு கூடியது வேறு. ஆகவே மருத்துவர் சொல்லும் நாள்வரை கட்டைக் காத்திருங்கள். அவர் அசைக்கச் சொன்னபின் சோம்பாமல் பயிற்சி செய்யுங்கள். கயிறு திரிப்பவர் அவசரப்பட்டால் படகுக்கு ஆபத்து என்பதை நம் ஊரார் நன்கு அறிவர்.