நவரத்தினமும் நவக்கிரகமும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் நவரத்தினம் என்பதாகும். கஞ்சிக்கு வழி தேடும் நமக்கு இரத்தினப் பேச்சு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். பணக்காரன் கல்லை ஆசைக்கு வாங்குகிறான். ஏழையோ பயத்துக்கு வாங்குகிறான். பெண்ணுக்குக் கலியாணம் தட்டிப்போனாலும், வியாபாரம் படுத்துவிட்டாலும், "சனி பார்க்கிறான், நீலம் போடு" என்கிறான் சோதிடன். உடனே வீட்டுப் பாத்திரம் அடகுக்குப் போகிறது. விரலுக்கு மோதிரம் வருகிறது. ஆகவே இந்தக் கல் என்பது என்ன, அதற்கு விலை எப்படி ஏற்படுகிறது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டியது அவசியமாகும்.

முதலாவதாக, ஒன்பதில் இரண்டு கல்லே அல்ல. முத்து சிப்பிக்குள் விளைவது. பவழம் கடலிலுள்ள பவழப் பூச்சிகள் கட்டிய கூடு. இரண்டிலும் இருப்பது பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்தேயாகும். வைரமோ கார்பன், அதாவது கரிச் சத்து. மாணிக்கம், நீலம், கனகபுஷ்பராகம் ஆகிய மூன்றும் குருந்தம் என்னும் ஒரே பொருளாகும். நம் வீட்டுப் பாத்திரத்திலுள்ள அலுமினியமும், நாம் சுவாசிக்கும் பிராணவாயுவும் சேர்ந்ததுதான் குருந்தம். அதில் குரோமியம் சிறிது கலந்தால் சிவப்பு மாணிக்கம். இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். சோதிடன் கணக்கில் சூரியனும் சனியும் பகைவர்கள். ஆனால் அவர்களுக்குரிய கற்களோ ஒரு வயிற்றுப் பிள்ளைகள்! இது என்ன பகை?

நிற்க, விலை விஷயத்துக்கு வருவோம். கல்லைக் காரட் கணக்கில் நிறுக்கிறார்கள். ஒரு காரட் 200 மில்லிகிராம்; 5 காரட் ஒரு கிராம். நிறம், தெளிவு, பட்டை தீட்டிய நேர்த்தி, எடை ஆகியவற்றைப் பார்த்து விலை சொல்லுகிறார்கள். பெரிய கல் அருமையாகையால், இரண்டு காரட் கல்லின் விலை ஒரு காரட் கல்லின் விலையைப்போல் இரண்டு பங்குக்கும் மேலாகவே இருக்கும். சூடேற்றி நிறங்கூட்டிய கல்லுக்கு விலை குறைவு. வெடிப்பில் கண்ணாடியை நிரப்பியதற்கு மிகக் குறைவு. வியாபாரியின் தந்திரமும் இதில் உண்டு. தென்னாப்பிரிக்காவில் 1888-ல் ஏற்பட்ட டி பீர்ஸ் கம்பெனி, இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியும் உலக வைரத்தில் பெரும்பாகத்தைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, சரக்கை அளந்துவிட்டு, விலை இறங்காமல் பார்த்துக்கொண்டது. இந்தக் கணக்கில் கிரகம் எங்கே வருகிறது?

பிரான்சு தேசத்து வெர்னேய் என்பவர் மாணிக்கத்தை நெருப்புச் சுவாலையில் செய்யும் முறையை 1902-ல் வெளியிட்டார். சாவி கொடுக்கும் கைக்கடிகாரங்களில் அச்சு தேயாமலிருக்க வைக்கும் சிவப்புக் கல் அந்த மாணிக்கந்தான். பொருளில் யாதொரு வித்தியாசமும் இல்லை, விலையோ அற்பம். சக்தி பொருளில் இருக்குமானால் இந்த மலிவுக் கல்லே போதுமே! போதாது என்றால், சூரிய பகவான் கல்லைப் பார்ப்பதில்லை, ரசீதைப் பார்க்கிறார் என்றல்லவா ஆகிறது?

கோமேதகம் இராகுவுக்கும், வைடூரியம் கேதுவுக்கும் உரியனவாம். இராகு கேது என்பவை கிரகங்களே அல்ல. சந்திரன் செல்லும் பாதை, சூரியன் செல்வதாகத் தோன்றும் பாதையை வெட்டும் இரண்டு இடங்களே அவை. 1781-ல் யுரேனசும், 1846-ல் நெப்டியூனும் கண்டுபிடிக்கப்பட்டன. அவற்றுக்குக் கல் இல்லை. ஏனெனில், சாத்திரம் எழுதியவர்களுக்கு அவை இருப்பதே தெரியாது. இருக்கும் கிரகத்துக்குக் கல் இல்லை. இல்லாத கிரகத்துக்கு இரண்டு கல்!

தோழர்களே! காசு மிஞ்சி, அழகுக்காக வாங்குகிறவர்களை நாம் தடுக்க வரவில்லை. வாங்குகிறவர்கள் தங்கத்தின் எடை வேறு, கல்லின் எடை வேறு என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் கல்லுக்கும் அரக்குக்கும் தங்க விலை கொடுத்தவர்களாவீர்கள். பரிசோதனைச் சாலையின் அத்தாட்சிச் சீட்டைக் கேளுங்கள். தங்கம் விற்றால் காசாகும். கல்லில் போட்ட பணம் முழுதும் திரும்புவது அபூர்வம் என்பதை மறவாதீர்கள்.

கல்லுக்கு விலை வைத்தவன் மனிதன். அதற்குச் சக்தி உண்டு என்று சொன்னவனும் மனிதன்தான். விலையைப் பேரம் பேசிக் குறைக்கும் நாம், சக்தியை மட்டும் கேள்வி கேளாமல் ஒப்புக்கொள்வது என்ன நியாயம்? மோதிரத்துக்கு வாங்கும் கடனைப் பிள்ளையின் படிப்புக்கு வாங்கினாலாவது ஒரு தலைமுறை தலைநிமிரும் என்று சொல்லி, இவ்வளவுடன் முடித்துக்கொள்ளுகிறோம்.